பாடம் இலவசம், டேட்டா யாருடையது? மலையகப் பிள்ளைகளும் இணைய வளங்களும்

"பாடப்புத்தகம், வினாத்தாள், வீடியோ எல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்." 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதிலிருந்து மலையகப் பெற்றோர் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாசகம் இது. இன்றைக்கும் மண்சரிவால் வீதி அடைபட்டால், கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால், தவணைப் பரீட்சை நெருங்கினால், அதே வாசகம் வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்குடன் வந்து விழுகிறது. லிங்கைத் தொட்டவர்களின் அனுபவம் வேறு. ரீலோட் பாதிப் பாடத்தில் தீர்ந்துவிடுகிறது. திறந்த கோப்பில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை. வீடியோவில் விளக்குகிறவர் பாவிக்கும் சொல்லோ பிள்ளையின் புத்தகத்திலேயே இல்லை.

இலவசம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. கோப்பு இருக்கும் இடத்தில் அது இலவசம்தான். கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் அந்தக் கோப்பு பொகவந்தலாவையில் ஒரு லயத்து அறைக்கு வந்து, பிள்ளைக்கு விளங்கும் தமிழில் திறந்துகொள்வதற்குள்தான் ஒவ்வொன்றாகச் செலவு ஏறுகிறது.

"இலவசம்" என்ற சொல்லுக்குள் நான்கு ஏற்பாடுகள்

1. பார்க்க இலவசம். யூடியூப் பாடங்கள் இந்த வகை. செலவை விளம்பரதாரர் ஏற்கிறார். நீங்கள் பார்க்கலாம், ஆனால் இறக்கியெடுத்து வகுப்புக்குப் பிரதி கொடுக்கும் உரிமை பொதுவாக உங்களிடம் இல்லை.

2. கணக்குத் திறந்தால் இலவசம். 2014 இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் போன்றவை. காசு கேட்காது, மின்னஞ்சல் கணக்குக் கேட்கும். பெரும்பாலான நாடுகளில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அம்மாவின் போனில், அம்மாவின் பெயரில், அக்காவும் தம்பியும் மாறி மாறி விடை அனுப்புகிறார்கள். யாருடைய விடை எது என்று ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை.

3. டேட்டா இலவசம். குறிப்பிட்ட தளத்துக்குப் போகும்போது தொலைபேசி நிறுவனம் உங்கள் டேட்டாவைக் கழிக்காமல் விடுவது. இது தளத்தை நடத்துபவர் கொடுக்கும் சலுகையல்ல, நிறுவனம் கொடுப்பது. நிறுவனம் நினைத்தால் நிறுத்தலாம்.

4. பகிரவும் மாற்றவும் இலவசம். இதற்குத்தான் திறந்த கல்வி வளம் என்று பெயர். யுனெஸ்கோ 2002 இல் கூட்டிய ஒரு கூட்டத்தில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. 2019 இல் அதே அமைப்பு உறுப்பு நாடுகளுக்கு இதுபற்றிப் பரிந்துரை ஒன்றையும் நிறைவேற்றியது. ஆக்கியவர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கொடுத்துவிடுகிறார்: பிரதியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், வெட்டி ஒட்டலாம்.

நான்காவது வகையில் அந்த அனுமதியை எழுதும் வழக்கமான முறை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம். அதில் நான்கு நிபந்தனைகளை அறிந்திருந்தால் போதும். பெயரைக் குறிப்பிடு; வியாபாரத்துக்குப் பாவிக்காதே; மாற்றினால் மாற்றியதையும் இதே உரிமத்தில் விடு; மாற்றவே செய்யாதே. தமிழ் விக்கிப்பீடியாவில் முதலாவதும் மூன்றாவதும் பொருந்தும். இலவசப் பாடங்களைத் தரும் அமெரிக்கத் தளமான கான் அகடமியின் பெரும்பாலான பாடங்களில் "வியாபாரம் கூடாது" என்ற நிபந்தனையும் சேர்கிறது. அதாவது தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கான் அகடமிப் பயிற்சியொன்றைத் தமிழாக்கி, மூலத்தைக் குறிப்பிட்டு, வகுப்புக்குச் சும்மா கொடுக்கலாம். அதையே டியூசன் வகுப்பில் காசுக்கு விற்க முடியாது.

அரசாங்கப் பாடநூல் இந்த நான்கில் எதிலும் சரியாகப் பொருந்தாது. இறக்கிப் படிக்கத் தடையில்லை. ஆனால் பதிப்புரிமை அரசாங்கத்துடையது. படிக்கத் தரப்பட்டிருக்கிறது, மாற்றி வெளியிட அல்ல.

அரசாங்கத்தின் நான்கு வாசல்கள்

வெளிநாட்டுத் தளங்களைத் தேடுவதற்கு முன் வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். இலங்கைப் பாடத்திட்டத்தில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு அடிப்படை வளங்கள் நான்கு இடங்களில் உள்ளன.

முதலாவது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். பாடசாலையில் கையில் கொடுக்கும் அதே பாடநூல் பிடிஎப் வடிவில் அதன் தளத்தில் இருக்கிறது. புத்தகம் தாமதமாக வந்த பாடசாலைக்கும், மழையில் நனைந்து போன புத்தகத்துக்கும் இதுதான் மாற்று. இரண்டாவது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டிகளும் அங்கே. இவை ஆசிரியருக்கென்று எழுதப்பட்டவை. ஆனால் ஆசிரியரே இல்லாத பாடத்துக்கு உயர்தரப் பிள்ளை தானாகப் படிக்கும்போது எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை என்று பார்த்தாலே எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று பிடிபடும். மூன்றாவது ஈ-தக்சலாவ, கல்வி அமைச்சின் மும்மொழி இணையவழிக் கற்றல் தளம்.

நான்காவது பரீட்சைத் திணைக்களம். கடந்தகால வினாத்தாள்களுக்காக எல்லோரும் அங்கே போகிறார்கள். பக்கத்திலேயே கிடக்கும் மதிப்பீட்டு அறிக்கைகளைத் திறப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு வினாவையும் எத்தனை வீதமானோர் சரியாகச் செய்தார்கள், எங்கே புள்ளி இழந்தார்கள், அடுத்த முறை எப்படி எழுத வேண்டும் என்று வினாத்தாளைத் திருத்தியவர்களின் பக்கமிருந்து சொல்லும் ஆவணம் அது. எந்த டியூசன் நோட்டும் அதற்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம். இதே வினாத்தாள்களைப் பொறுக்கியெடுத்து "ஸ்பெஷல் பெக்" என்று பெயர் வைத்துக் காசுக்கு விற்கும் குரூப்புகளும் உண்டு. வாங்குமுன் திணைக்களத் தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

டேட்டாக் கணக்கு: ஒரு மணி நேரப் பாடம் எவ்வளவு தின்னும்?

இங்கேதான் பெற்றோருக்கு அதிகக் குழப்பம். இணைய வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது. டேட்டா கார்ட் பைட்டில் விற்கப்படுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். இந்த ஒரு வகுத்தல் தெரிந்தால் எந்த வகுப்பின் செலவையும் கணக்கிடலாம்.

1. குரல் மட்டும். பேச்சைச் சுருக்கி அனுப்ப நொடிக்கு 24 கிலோபிட் தாராளமாகப் போதும். ஒரு மணி நேரத்தில் 3,600 நொடி. பெருக்கி 8 ஆல் வகுத்தால் 10,800 கிலோபைட். ஏறக்குறைய 11 எம்பி.

2. தெளிவு குறைந்த வீடியோ. நொடிக்கு 500 கிலோபிட் என்று வைத்தால் அதே கணக்கில் 225 எம்பி.

3. நல்ல தெளிவான வீடியோ. நொடிக்கு 2,000 கிலோபிட் என்றால் 900 எம்பி. ஏறக்குறைய ஒரு ஜிபி.

ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே ஒரு மணி நேரம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எண்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் வாரம் ஐந்து நாள், ஆளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் தெளிவான நேரலை வீடியோ வகுப்பு என்றால் வாரத்துக்கு 9 ஜிபி. 2021 இல்தான் 1,000 ரூபாவைத் தொட்ட நாட்சம்பளத்தில், அதுவும் பேர் விழுந்தால்தான் (முழு நாள் வேலையாகப் பதிவானால்தான்) கிடைக்கும் சம்பளத்தில், இதை எங்கே வைப்பது?

அடுத்தது "இலவச டேட்டா" என்ற மாயம். ஒரு தளத்துக்கு டேட்டா கழிக்க மாட்டோம் என்று நிறுவனம் சொன்னால், அதன் கருவிகள் நீங்கள் எந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்று பார்த்துக் கணக்கை நிறுத்தி வைக்கின்றன. முகவரிதான் அடையாளம், பாடம் அல்ல. அந்தத் தளத்தின் பக்கத்துக்குள் ஒரு யூடியூப் வீடியோ பதிக்கப்பட்டிருந்தால், பார்ப்பதற்கு அது அதே பக்கம். ஆனால் வீடியோ வந்து இறங்குவது யூடியூபின் முகவரியிலிருந்து. அங்கே மீற்றர் ஓடும். "இலவசத் தளத்தில்தானே இருந்தேன், ரீலோட் எப்படி முடிந்தது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த படிப்புப் பெக்கேஜ்களும் இதே மாதிரிதான்: சூம், டீம்ஸ் என்று பெயர் குறிப்பிட்ட சில செயலிகளுக்கு மட்டும். ஆசிரியர் வேறு தளத்து லிங்கை அனுப்பினால் அது பெக்கேஜுக்கு வெளியே.

இதெல்லாம் சிக்னல் இருந்தால்தான். மலைநாட்டில் டவர் எத்தனை மைல் தூரம் என்பதைவிட நடுவில் எந்த மலை நிற்கிறது என்பதே பெரிது. தோட்டத்தின் மேற்கணக்குக் (மேல் பிரிவுக்) கோயில் படிக்கட்டில் நான்கு கோடு காட்டும் போன், மடிப்புக்குள் கிடக்கும் கீழ்க்கணக்கு லயத்தில் ஒரு கோடும் காட்டாது. 2021 இல் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிப் பாடம் கேட்ட படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பார்த்தவர்கள் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பாராட்டினார்கள். பாராட்டியிருக்க வேண்டியதில்லை. மரத்தில் ஏறித்தான் பார்க்க முடியும் என்ற ஒரு பாடத்தை மரத்தில் ஏறாத பிள்ளைக்கும் சேர்த்து "நடத்தி முடித்ததாக" எங்கோ ஒரு படிவத்தில் அடையாளமிட்டிருப்பார்கள்.

தமிழ்தான், ஆனால் எந்தத் தமிழ்?

தமிழில் இலவசப் பாடங்களைத் தேடினால் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வரும். அங்குள்ள அரசு 2019 இல் கல்விக்கென்றே ஒரு தொலைக்காட்சியைத் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. பாடநூல்கள் முழுவதும் பிடிஎப்பில் உள்ளன. நல்ல தரம். நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். சிக்கல் வேறு இடத்தில்.

இலங்கையின் கலைச்சொற்கள் தனி வழியில் வளர்ந்தவை. சுதந்திரத்துக்குப் பின் விஞ்ஞானப் பாடங்கள் தாய்மொழிக்கு மாறியபோது இங்கே தனிக் கலைச்சொல் தொகுதிகள் தயாராயின. தமிழ்நாடு தன் வழியில் போயிற்று. விளைவை ஒரு பக்க நோட்டில் பார்க்கலாம்:

நமது புத்தகத்தில் பௌதிகவியல், அங்கே இயற்பியல். இரசாயனவியல், வேதியியல். கலம், செல். ஒளித்தொகுப்பு, ஒளிச்சேர்க்கை. மூலகம், தனிமம். சேர்வை, சேர்மம். இலத்திரன், எலக்ட்ரான். காபனீரொட்சைட்டு, கார்பன் டை ஆக்சைடு. கணிதத்தில் முக்கோணி, முக்கோணம். தொடை, கணம். ஆகாரம், முகடு.

இவை வெறும் சொல் மாற்றம். இரண்டு நாளில் பழகிவிடும். உண்மையான ஆபத்து, இரு பக்கமும் இருக்கும் ஒரே சொல் வேறு பொருளைச் சுமக்கும்போது. "வேகம்" என்ற சொல்லை எடுங்கள். தமிழ்நாட்டுப் பாடத்தில் வேகத்துக்குத் திசை கிடையாது. திசையோடு சொன்னால் அது திசைவேகம். இலங்கைப் பாடத்தில் திசையில்லாதது கதி. திசையோடு சொல்லப்படுவதுதான் வேகம். ஆகவே "வேகம் திசை அற்றது, குறித்துக்கொள்ளுங்கள்" என்று வீடியோவில் ஆசிரியை அழுத்திச் சொல்வதை ஒரு பிள்ளை கவனமாகக் கேட்டு, கொப்பியில் எழுதி, கோடும் போட்டு, க.பொ.த. சாதாரண தர வினாத்தாளில் "வேகத்தைக் காண்க" என்ற கேள்விக்குத் திசையைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டு வருகிறது. கவனமில்லாத பிள்ளைக்கு இந்தப் பிழை வராது. முடுக்கம் என்று அங்கே சொல்வது இங்கே ஆர்முடுகல் என்பதையாவது சொல்லே வேறாக இருப்பதால் பிள்ளை சந்தேகப்பட்டுக் கேட்கும். "வேகம்" சந்தேகத்தையே எழுப்பாது.

தீர்வு அந்த வீடியோக்களை ஒதுக்குவதல்ல. லிங்கோடு ஒரு சிறு சொற்பட்டியலையும் ஆசிரியர் சேர்த்து அனுப்பினால் போதும்: இந்த வீடியோவில் வரும் இந்த ஐந்து சொல் நம் புத்தகத்தில் இவை. பத்து நிமிட வேலை. தமிழ் விக்கிப்பீடியாவில் இலங்கையரின் பங்களிப்பு ஆரம்பம் முதலே அதிகம். பல கட்டுரைகளில் இரு நாட்டு வழக்கும் தரப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலை ஆக்க அது உதவும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அவை தமிழில் சரளமாகப் பேசும். எந்த நாட்டுக் கலைச்சொல் என்பதில் ஒரே பதிலுக்குள்ளேயே தடுமாறும். தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லும். விடையைக் கேட்பதற்குப் பதில், பாடநூல் பந்தியைக் கொடுத்து அதிலிருந்து பயிற்சிக் கேள்விகள் தயாரிக்கச் சொன்னால் பிழைக்கு இடம் குறையும்.

கோப்பு திறக்கிறது, எழுத்து திறக்கவில்லை

வலயப் பணிமனையிலிருந்தோ இன்னொரு பாடசாலையிலிருந்தோ வரும் மாதிரி வினாத்தாள் போனில் திறக்கும்போது குப்பையாகத் தெரிவதற்குக் காரணம் போன் அல்ல, பாமினி.

பாமினி ஒரு பழைய எழுத்துரு. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பழகியவர்களில் பெரும்பாலோர் அதில்தான் பழகினார்கள். அது செய்வது ஒரு கண்கட்டு வித்தை. பாமினியில் நீங்கள் "அம்மா" என்று தட்டினால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு அந்த எம்முக்கு "அ" என்ற உருவத்தையும் கேயுக்கு "ம" என்ற உருவத்தையும் முகமூடியாக மாட்டிவிடுகிறது. எழுத்துரு நிறுவப்படாத போனில் முகமூடி கழன்று ஆங்கிலக் குறிகள் வெளியே தெரியும். யுனிகோட் அப்படியல்ல. அதில் "அ" என்ற எழுத்துக்கே ஓர் எண் உண்டு. எந்தப் போனிலும் அது "அ"தான்.

பாமினி வேர்ட் கோப்பைப் பிடிஎப்பாக மாற்றி அனுப்பினால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் உள்ளே இருப்பது இன்னும் அதே ஆங்கிலக் குறிகள். ஆகவே:

1. கூகுளில் தமிழில் தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. யாரோ உழைத்துத் தயாரித்த வினாத்தாள் இணையத்தில் இருந்தும் இல்லாத மாதிரி.

2. ஒரு கேள்வியை மட்டும் பிரதியெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாக வரும்.

3. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு உரையை வாசித்துக் காட்டும் செயலி ஆங்கிலக் குறிகளை வாசிக்கும்.

பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் பல உள்ளன. ஒட்டினால் நொடியில் மாறும். கணிதக் குறியீடுகளும் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் கெட்டுப்போகும் என்பதால் ஒருமுறை கண்ணோட்டம் விட வேண்டும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திற என்று கொடுத்தால் படத்திலிருக்கும் தமிழை எழுத்தாக எடுத்துத் தரும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும். சைக்ளோஸ்டைல் தாளில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒருமுறை இறக்கி, பலமுறை பாவிப்பது

இதுவரை பார்த்த தடைகளில் டேட்டாவும் சிக்னலும்தான் பிள்ளையின் கையில் இல்லாதவை. அவை இரண்டையும் சுற்றிப் போக ஒரே வழி: ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நல்ல இணைப்புள்ள ஓர் இடத்தில் ஒருவர் ஒருமுறை இறக்குவது, மற்றவர்கள் பிரதியெடுத்துக்கொள்வது. எனவே ஒரு கருவியைத் தெரிவுசெய்யும்போது "எது சிறந்தது?" என்பது இரண்டாவது கேள்வி. "இறக்கிக் கொண்டுபோகலாமா?" என்பதே முதலாவது. அந்த அளவுகோலில் தேறுகிறவை இவை.

கிவிக்ஸ். முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக்கி இணையமின்றி வாசிக்கத் தரும் இலவசச் செயலி. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் உண்டு. ஒரு மெமரி கார்டில் அடங்கும். படங்கள் இல்லாத பதிப்பு இன்னும் சிறியது. ஆண்ட்ரொய்ட் போனில் இதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆசிரியர் தன் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, கிவிக்ஸில் உள்ள நூலை அதன் வழியே பகிரலாம். வகுப்பிலுள்ள மற்றப் போன்கள் வைபையில் இணைந்து, பிரவுசரில் திறந்து வாசிக்கும். சிம் கூடத் தேவையில்லை. சிக்னலே இல்லாத வகுப்பறையில் ஒரு கலைக்களஞ்சியம் ஓடும்.

ஃபெட். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஊடாட்டச் செய்முறைகள். பல தமிழிலும் உள்ளன. உரிமம் தாராளமானது. மின்சுற்றுச் செய்முறையைத் திறந்தால் திரையில் மின்கலம், மின்குமிழ், கம்பி, ஆளி எல்லாம் தட்டில் இருக்கும். பிள்ளை இழுத்து வைத்துக் கம்பியை இணைத்தால் குமிழ் எரியும். இலத்திரன்கள் நீலப் புள்ளிகளாய் நகரும். இரண்டாவது குமிழைத் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கும். சமாந்தரமாக இணைத்தால் மங்காது. தடையைக் குறைத்துக்கொண்டே போனால் மின்கலம் தீப்பிடிக்கும். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு செய்முறையும் தனிக் கோப்பு. கணினியில் இறக்கி வைத்தால் இணையமின்றி பிரவுசரிலேயே ஓடும்.

கோலிப்ரி. கான் அகடமி உள்ளிட்ட திறந்த பாடங்களை ஒரு லெப்டொப்பில் அல்லது சிறு கணினியில் ஏற்றி, ரவுட்டர் ஒன்றின் வழியே பாடசாலைக்குள் மட்டும் ஓடவிடும் மென்பொருள். பிள்ளைவாரியாக முன்னேற்றத்தையும் பதிந்து வைக்கும். அமைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அமைத்தவர் இடமாற்றம் பெற்றுப் போனால் தூசி படிந்து கிடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினி அறை ஓரளவு இயங்கும் பாடசாலைக்கே இது சரிப்படும்.

ஜியோஜீப்ரா. கேத்திரகணிதத்துக்கும் வரைபுக்கும். போனில் ஒருமுறை நிறுவினால் இணையம் கேட்காது.

நூலகம். 2005 இல் தொடங்கிய இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகம். பழைய நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பிடிஎப்பில். மலையக இலக்கியமும் தொழிற்சங்க வரலாறும் தேடும் உயர்தர மாணவருக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் ஒப்படை எழுதும் ஆசிரிய மாணவருக்கும் இதற்கு மாற்று இல்லை. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொடக்கம் பழந்தமிழ் நூல்கள் எழுத்து வடிவிலேயே உள்ளன. எழுத்துக் கோப்பு என்பதால் ஒரு முழுக் காப்பியமும் ஒரு போட்டோவின் அளவுக்கு மேல் போகாது.

ஆசிரியர் பக்கம்: நேரலையா, பார்சலா?

நேரலை வகுப்புக்கு ஒரு மவுசு இருக்கிறது. பிள்ளைகளின் முகம் தெரியும், கேள்வி கேட்கலாம், அதிபருக்கும் காட்டலாம். ஆனால் அது எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே தரமான சிக்னலில், தனிப் போனுடன் இருக்கும் ஊருக்கு உருவானது. ஒரே போன் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பி வரும் வீட்டில் காலை பத்து மணி வகுப்பு யாருக்கு?

உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் பாவிக்கும் மூடில் என்ற இலவசக் கற்றல் தளத்தை ஆக்கிய மார்ட்டின் டூகியமாஸ் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறத்தில் வளர்ந்தவர். பக்கத்து நகரம் ஆயிரம் கிலோமீற்றர் தூரத்தில். பாடப் பொதி விமானத்தில் வரும். ஆசிரியர் வானொலியில் பேசுவார். பொதியும் குரலும். தோட்டப் பாடசாலைக்குப் பொருந்துவது இந்த அமைப்புத்தான்.

1. திங்கட்கிழமை ஒரு பொதி: இரண்டு பக்கச் செயலட்டை, பாடநூலில் குறித்த பக்க எண்கள், சொற்பட்டியல். பிடிஎப்பாக, ஓரிரு எம்பிக்குள். போனில்லாத பிள்ளைக்கு அதே தாளின் அச்சுப் பிரதி.

2. ஐந்து நிமிடக் குரல் பதிவு, நாளுக்கு ஒன்று. முன்னர் போட்ட கணக்கின்படி ஒரு எம்பிக்கும் குறைவு. இரவு எட்டு மணிக்குக் கேட்டாலும் பாடம் பாடம்தான்.

3. வீடியோ தேவைப்பட்டால் ஒன்று மட்டும், கரும்பலகையை மட்டும் காட்டும் மூன்று நிமிடம். ஆசிரியரின் முகம் தேவையில்லை. அசையாத படத்துக்கு டேட்டா குறைவு.

4. விடை கொப்பியில். படமெடுத்து அனுப்பக்கூடியவர் அனுப்பட்டும், மற்றவர் பாடசாலை திறந்ததும் கொண்டுவரட்டும்.

வட்ஸ்அப் குரூப்பில் பொதியைப் போடுவதில் ஒரு குறை: "குட் மோர்னிங்" படங்களுக்கு நடுவில் பாடம் புதைந்துவிடும். ஆசிரியர் மட்டும் பதிவிடும்படி குரூப்பின் அமைப்பை மாற்றிவிட்டு, கேள்விகளுக்கு வேறு குரூப் வைத்தால் தீர்ந்தது.

மெமரி கார்டில் இறக்கி வைத்த பொருளுக்கு வேறொரு குறை உண்டு. அது பழசாகும். பாடத்திட்டம் மாறும், பாடநூல் திருத்தப்படும், தளத்தில் புதிய கோப்பு ஏறும், கார்டில் பழையதே இருக்கும். கை மாறி மாறி வந்த பிடிஎப்பில் மூன்று வருடத்துக்கு முந்திய அலகைப் பிள்ளை மனனம் செய்துகொண்டிருக்கும். ஆகவே பொதி தயாரிப்பவர் கோப்பின் பெயரிலேயே தரம், பாடம், பதிப்பு ஆண்டு, இறக்கிய மாதம் நான்கையும் எழுதட்டும். வருடத் தொடக்கத்தில் ஹட்டனுக்குப் போகும் யாராவது ஒருவர் பட்டியலைச் சரிபார்த்து, மாறியதை மட்டும் புதிதாய் இறக்கிக்கொண்டு வரலாம். அரை மணி நேர வேலை, ஒருவருடைய டேட்டா.